ஒன்பதாம் கேள்வி

பேராதனை,
18-1-1961

அன்புள்ள அப்பாவுக்கு,

அஞ்சலை எழுதுகிறேன். நான் சுகம். அம்மாவின் முழங்கால் இந்தக் குளிரில் எப்படி இருக்கிறது? மழையில் கடிதங்கள் நனையாமல் தப்பால் பையைப் போர்த்திவிட்டு நீங்கள் நனைந்துகொண்டு போகிறீர்களா என்பதையும் மறைக்காமல் எழுதவும்.

இந்தத் தவணையில் இறுதி வருட மாணவர்களுக்காக ஓர் அறை திறந்திருக்கிறார்கள். கதவில் ‘தொழில் வழிகாட்டல்’ என்று எழுதியிருக்கிறது. பட்டம் பெற்ற பிறகு என்ன வேலைக்குப் போகலாம், விண்ணப்பம் எப்படி எழுதுவது, நேர்முகத்தில் எப்படி உட்காருவது என்றெல்லாம் அங்கே சொல்லித் தருகிறார்கள். உட்காருவதற்கும் ஒரு பாடமா என்று பார்க்கத்தான் போனேன். இப்போது வாரத்தில் இரண்டு நாள் போகிறேன். அறைக்குப் பொறுப்பானவர் நஸார் என்பவர், டிக்கோயாக்காரர். அவருடைய வாப்பாவுக்கு அங்கே புடவைக் கடை இருக்கிறதாம்.

கொழும்பில் ஓர் அரசாங்க நூலகத்துக்குப் பயிற்சி நூலகர் எடுக்கிறார்கள். புத்தகங்களோடு இருக்கச் சம்பளம் கொடுப்பார்கள் என்பதை இன்னும் என்னால் முழுதாக நம்ப முடியவில்லை. படிவத்தில் பன்னிரண்டு கேள்விகள். நான்காவது, என்னை நன்கு அறிந்த, உறவினர் அல்லாத மூவர் பெயர். ஏழாவது, என்னைப் பற்றி ஒரு பக்கம். அதை எழுதிக் கொடுத்தேன். நஸார் சேர் படித்துவிட்டு, “இதுல ஒங்க தோட்டம் இருக்கு, மழை இருக்கு, நீங்க படிச்ச புத்தகம் எல்லாம் இருக்கு. நீங்க எங்க புள்ள?” என்று கேட்டார்.

ஒன்பதாவது கேள்விக்கு உங்கள் உதவி வேண்டும். பிரஜாவுரிமைச் சான்றிதழின் இலக்கம். ஐம்பத்தொன்றில் இலங்கைப் பிரஜையாக நீங்கள் போட்ட விண்ணப்பத்தில் என் பெயரும் இருக்கிறது அல்லவா? போன கார்த்திகையில் ஹட்டனில் விசாரணை முடிந்துவிட்டது என்றீர்கள். சான்றிதழ் வந்துவிட்டதா? அது இல்லாமல் அரசாங்க வேலைக்கு எடுக்க மாட்டார்கள்.

உங்கள் பதிலைப் பார்த்திருக்கும்
மகள் அஞ்சலை


மூணுகல் தோட்டம்,
பொகவந்தலாவை,
29-1-61

அன்பு மகள் அஞ்சலைக்கு அப்பா பழனியாண்டி எழுதிக்கொள்வது. பையைத் தூக்கிக்கொண்டு நாலு மைல் போய் நாலு மைல் வரும் அளவுக்குச் சுகம். அம்மா முழங்காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, உன் கேள்விக்கு ‘இருக்குனு எழுதுங்க’ என்கிறாள். நனைவது பற்றிக் கேட்டிருந்தாய். பை நனையவில்லை.

மூன்று பேருக்கு நான் சொல்வது. ஒன்று, உன் ஹட்டன் பள்ளிக்கூடத்துப் பெரிய வாத்தியார். இரண்டு, நம் தோட்டத்து மருந்துக்காரர் ஐயா. உனக்கு மூன்று தரம் காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தவர், உன்னை உள்ளும் புறமும் தெரியும். மூன்று, பொகவந்தலாவை போஸ்ட் மாஸ்டர். அவர் உன்னைப் பார்த்ததில்லை. ஆனால் எட்டு வருஷமாக உன் கையெழுத்தைப் பார்க்கிறார். “பழனியாண்டி, ஒம் மக எழுத்து வர வர சின்னதாவுது, கண்ணாடி வாங்கிக் குடுப்பியா?” என்று போன வாரம் கேட்டார்.

ஆறாம் நம்பர் மலையில் தேயிலையை வெட்டிவிடும் கவ்வாத்து நடக்கிறது. காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்தில், வேலையை மேற்பார்க்கும் புதுக் கண்டாக்கையா பேர் கூப்பிடும்போது அம்மாவைக் காளியாயி என்பதற்குக் காளிமுத்து என்று கூப்பிட்டு, ஆம்பளை ஆள் வரும் வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தாராம். அம்மா இன்னும் சிரிக்கிறாள்.

நேர்முகத்தில் நேராக உட்கார். முதுகு வளைத்துப் படிப்பது உன் பழக்கம். லீவுக்கு எப்போது தோட்டத்துக்கு வருகிறாய்?

இப்படிக்கு
அப்பா


பேராதனை,
9-2-61

அன்புள்ள அப்பாவுக்கு,

சுகம். நீங்கள் சொன்ன மூவரையும் எழுதிவிட்டேன். பார்க்காமலே என்னை அறிந்தவர் என்று போஸ்ட் மாஸ்டரைப் பற்றிச் சொன்னபோது நஸார் சேர் மேசையைத் தட்டிச் சிரித்தார்.

நேற்று ஒத்திகை நேர்முகம். அவர் பெரிய உத்தியோகத்தர் போல உட்கார்ந்துகொள்ள, நான் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போக வேண்டும். ஆங்கிலத்தில் அரை மணி நேரம் கேட்டார், தட்டுத் தடுமாறாமல் சொன்னேன். பிறகு பென்சிலை வைத்துவிட்டுத் தமிழில், “சரி, புள்ளைக்கு எந்த ஊர்?” என்றார்.

“துறையூர் பக்கம், கொட்டாரப்பட்டி” என்றேன்.

அவர் பென்சிலை மறுபடி எடுத்தார். பிறகு, “அங்க குளத்துத் தண்ணியா, கெணத்துத் தண்ணியா?” என்றார். தெரியவில்லை. “பஸ் போகுமா?” தெரியவில்லை. “எத்தன தரம் போயிருக்கீங்க?” போனதே இல்லை. “அப்ப ஏன் புள்ள, கடல் தாண்டி இருக்கிற ஒரு எடத்த ஒங்க ஊர்னு சொன்னீங்க?”

எனக்கே வியப்பாக இருந்தது அப்பா. யோசித்துச் சொன்ன பதில் அல்ல, தும்மல் மாதிரி வந்துவிட்டது. நம் லயத்து வீடுகளில் யாரைக் கேட்டாலும் அப்படித்தானே சொல்வார்கள். நாம் இருக்கும் இடம் தோட்டம். ஊர் என்றால் அது இந்தியாவில் இருக்கிற ஒன்று. ஆங்கிலத்தில் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் பொகவந்தலாவை என்றுதான் சொல்லியிருப்பேன். ஒரே வாய், இரண்டு பதில். இரவெல்லாம் அந்த ஒரு சொல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொட்டாரப்பட்டி எப்படி இருக்கும்? குளமா, கிணறா? நீங்கள் கடைசியாக எப்போது போனீர்கள்? தெரிந்துகொள்ள ஆசை.

ஒன்பதாம் கேள்விக்குப் பதில் எழுத மறந்துவிட்டீர்கள். மே முதலாம் தேதிக்குள் படிவம் போக வேண்டும்.

அம்மாவின் முழங்காலுக்கு என் அன்பு.
அஞ்சலை


மூணுகல் தோட்டம்,
26-2-61

அன்பு மகள் அஞ்சலைக்கு,

மூவரும் நலம் என்று எழுதலாம், ஆட்டையும் சேர்த்து. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. பொகவந்தலாவை ரோட்டில் மண் சரிந்து பஸ் இரண்டு நாள் ஓடவில்லை.

கொட்டாரப்பட்டி பற்றிக் கேட்டாய். நானும் பார்த்ததில்லை. எங்கப்பா சின்னத்தம்பிதான் அங்கே பிறந்தவர். ஒன்பது வயதில் கப்பலேறி வந்தார். நான் இங்கே நாலாம் நம்பர் லயத்தில் பிறந்தவன். குளமா கிணறா என்று அவர் சொல்லிக் கேட்ட ஞாபகம் இல்லை. ஒரு புளியமரம் பற்றிச் சொல்வார். அதைக்கூட ஒரு தரம் வேப்பமரம் என்றார்.

எனக்கு ஊர் என்றால் தப்பால்தான். காலையில் கடிதங்களைப் பிரிக்கும்போது இந்திய முத்திரை ஒட்டியதைத் தனிக் கட்டாகக் கட்டுவேன். அதற்குப் பேர் ஊர்த் தப்பால். போஸ்ட் மாஸ்டரும் அப்படித்தான் கேட்பார், “ஊர்த் தப்பால் எத்தன?” என்று. அவர் சிங்களவர், அவருக்கும் அந்தச் சொல் பழகிவிட்டது. சின்னப் பிள்ளையில் நீயும் என் பக்கத்தில் உட்கார்ந்து பிரிப்பாயே. லயம் வாரியாக வைக்கச் சொன்னால் நீ எழுத்து அழகு வாரியாக வைப்பாய்.

ஆகையால் நீ சொன்னதில் தப்பில்லை. ஊர் எது என்று கேட்டால் ஊரைத்தானே சொல்ல முடியும். நானும் அப்படித்தான் சொன்னேன்.

அம்மா உனக்குக் கம்பளிச் சட்டை பின்னக் கொடுத்திருக்கிறாள். சித்திரைக்குத் தோட்டத்துக்கு வருவாய்தானே?

இப்படிக்கு
அப்பா


பேராதனை,
2-3-61

அன்புள்ள அப்பாவுக்கு,

சுகம், சுகமறிய ஆவல். ஒரே ஒரு கேள்விக்காக எழுதுகிறேன்.

“நானும் அப்படித்தான் சொன்னேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். யாரிடம் சொன்னீர்கள் அப்பா? எப்போது?

அஞ்சலை


மூணுகல் தோட்டம்,
27-3-61

அஞ்சலைக்கு அம்மா காளியாயி சொல்ல, பக்கத்து வீட்டு லெட்சுமி எழுதுறது.

நல்லாருக்கியா தாயி? நான் நல்லாத்தான் இருக்கேன். ஒங்கப்பாதான் நல்லால்ல. ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. ஒன் லெட்டர வாசிச்சிட்டு மடிச்சு வச்சவரு, பதில் எழுத உக்காருவாரு, எந்திரிப்பாரு. மூணு வாரமா இதே வேல.

நான் சொல்லிடுறேன். கார்த்திகையில அந்த விசாரணைக்குப் போனாருல்ல? அங்க பேரு கேட்டாங்களாம், வயசு கேட்டாங்களாம், எல்லாஞ் சரியாச் சொல்லிட்டாரு. கடைசியா எந்த ஊருன்னு கேட்டாங்களாம். இந்த மனுசன் கொட்டாரப்பட்டின்னு சொல்லிட்டு வந்துட்டாரு. அவங்க, ஒனக்கு அங்கதானே ஊரு, இங்க நெலையா இருக்கிற எண்ணம் இல்லன்னு எழுதிட்டாங்க. தை மாசம் கடுதாசி வந்துச்சு. மூணு மாசத்துல தக்க காரணம் சொல்லாட்டி தள்ளிருவோம்னு போட்டிருக்காம். லயத்துல அந்த மாதிரி கடுதாசி வந்தவங்களுக்கெல்லாம் இவருதான் வாசிச்சுக் காட்டுவாரு. தனக்கு வந்தத மட்டும் தப்பால் பைக்கு அடியிலயே வச்சிக்கிட்டு தெனமும் எட்டு மைலு சொமந்துக்கிட்டுத் திரியிறாரு. ஏங்க, அவகிட்ட சொல்லுங்கன்னேன். “எம் புள்ள படிப்ப ஒரு வார்த்தையில கெடுத்துட்டேன்டி, அத எப்பிடி எழுதுறது”ங்கிறாரு.

லெட்சுமிய விட்டுப் பாக்கச் சொன்னேன். கடுதாசியில தேதி சனவரி 12ன்னு இருக்கு.

நீ கோவிச்சுக்காத. கம்பளிச் சட்டைக்குக் கை நீளம் எழுது.

அம்மா

(அக்கா, மாமாவுக்குத் தெரியாம எழுதினது. மாமாகிட்டயே போஸ்ட் பண்ணக் குடுக்க முடியாதுல்ல, அதனால தேயிலைக் கொழுந்து ஏத்துற லொறிக்காரர்கிட்ட குடுத்து அனுப்புறேன். - லெட்சுமி)


பேராதனை,
30-3-61

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். கோபமாக இல்லை. யார் சொன்னார்கள் என்று விசாரிக்க வேண்டாம்.

நீங்கள் ஹட்டனில் சொன்ன அதே பதிலை நான் இந்த அறையில் சொன்னேன். பதினைந்து வருஷம் படித்துவிட்டு, ஒரு மாதப் பயிற்சியோடு உட்கார்ந்து சொன்னேன். என்னைத் தடுத்துத் திருப்பிக் கேட்க ஒரு ஆள் இருந்தார், உங்களுக்கு இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

எல்லாவற்றையும் நஸார் சேரிடம் சொன்னேன். என் வீட்டு விஷயத்தை வேறொருவரிடம் சொல்வது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். அவர் கதவைச் சாத்திவிட்டு, “எங்க வாப்பாட கடைக்கு வார ஆளுங்க எல்லாரும் இதத்தான் சொல்லுவாங்க. நாங்களும் கேட்டுட்டுச் சும்மா இருந்துட்டோம்” என்றார். பிறகு இருவரும் சேர்ந்து பதில் எழுதினோம். ஆங்கிலப் பிரதியும் தமிழ்ப் பிரதியும் இந்த உறையில் வைத்திருக்கிறேன். ஏப்ரல் 12 முடிவதற்குள் அது அங்கே சேர வேண்டும். கையெழுத்துப் போட்டு, உங்கள் பிறப்புப் பதிவையும், தோட்டத்து ஆட்பதிவான செக்ரோலில் உங்கள் பெயர் ஏறிய வருஷத்தைப் பெரிய கிளாக்கரிடம் எழுதி வாங்கி அதையும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

அவர்கள் மறுபடி விசாரணைக்குக் கூப்பிடக்கூடும். அதற்கு ஒத்திகை வேண்டும். லெட்சுமியைப் பெட்டி மேல் உட்கார வைத்து உத்தியோகத்தராக்குங்கள். நீங்கள் வெளியே நின்று, கூப்பிட்ட பிறகு உள்ளே வாருங்கள். கேள்விகளைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். பதில்களை நான் எழுதவில்லை. எழுதிக் கொடுத்த பதில் வாயில் நிற்காது என்கிறார் நஸார் சேர்.

ஒரு கேள்வியை மட்டும் எங்கே கேட்பாள் என்று சொல்லாமல் கேட்கச் சொல்லுங்கள். அது எது என்று உங்களுக்குத் தெரியும்.

அம்மாவுக்குக் கை நீளம்: இருபத்தொரு அங்குலம்.
அஞ்சலை


மூணுகல் தோட்டம்,
9-4-61

அன்பு மகள் அஞ்சலைக்கு,

இங்கே எல்லோரும் சுகம். லெட்சுமிக்கு மட்டும் உத்தியோகம் தலைக்கேறிவிட்டது.

பதிலைப் புதன்கிழமை பதிவுத் தபாலில் அனுப்பினேன். போஸ்ட் மாஸ்டர் உறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முத்திரையை மூன்று தரம் ஓங்கிக் குத்தினார்.

ஒத்திகை நடந்தது. லெட்சுமி பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள்.

“பேரு?”

“பழனியாண்டி.”

“ஐயான்னு சொல்லணும். அப்பா பேரு?”

“சின்னத்தம்பிங்க ஐயா.”

“எத்தன வருசமா தப்பால் வேல?”

“இருவத்திரெண்டுங்க ஐயா.”

“இன்னிக்கு என்ன கறி?”

“இது அஞ்சலை தாள்ல இல்லியே?”

“கேட்டதுக்குப் பதில். எந்த ஊரு?”

“கொட்டாரப்பட்டிங்க ஐயா.”

“மாமா, தோத்துட்டீங்க. வெளிய போயிட்டு மறுபடி வாங்க.”

நாலு தரம் வெளியே போய் வந்தேன். மழை வேறு. நாலு தரமும் அந்தக் கேள்வி வரும் வரும் என்று தெரிந்துகொண்டே அதையே சொன்னேன். அம்மா அடுப்படியிலிருந்து, “தோட்டம்னு சொல்லுங்க, தோட்டம்னு சொல்லுங்க” என்று குரல் கொடுத்தாள். அதுவும் சரியாக வரவில்லை. ஊர் எது என்று கேட்டால் தோட்டம் என்று எப்படிச் சொல்வது? தோட்டம் தொரையுடையது.

நீ பதில் எழுதித் தராதது நல்லது. என்னுடையதை இன்னும் தேடுகிறேன்.

போன கடிதங்களில் உனக்குச் சொல்லாமல் விட்டதற்கு இதில் ஒரு வரி எழுத நினைத்தேன். எழுத வரவில்லை. நீயே போட்டுக்கொள்.

அப்பா


பேராதனை,
19-6-61

அன்புள்ள அப்பாவுக்கு,

பரீட்சை முடிந்த களைப்பைத் தவிர வேறு குறை இல்லை. கம்பளிச் சட்டை பொருத்தமாக இருக்கிறது. இங்கே வெயில், இருந்தாலும் போட்டுப் பார்த்தேன். ஓகஸ்ட் வரை பல்கலைக்கழக நூலகத்தில் அட்டை எழுதும் தற்காலிக வேலை கிடைத்திருக்கிறது. அதனால்தான் இன்னும் வரவில்லை.

ஒன்பதாம் கேள்விக்கு ‘விசாரணையில் உள்ளது’ என்று எழுதி அனுப்பியிருந்தேன். வெறுமையாக விட்டால் மறைப்பது போல இருக்கும் என்றார் நஸார் சேர். ஏழாம் கேள்வியின் பக்கத்தை மறுபடி எழுதினேன். அதன் முதல் வரி: ‘எல்லோருடைய கடிதங்களும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டுத்தான் போகும்.’ அதற்குப் பிறகு நான் தேடாமலே அந்தப் பக்கத்துக்குள் நானும் வந்துவிட்டேன்.

போன செவ்வாய் கொழும்பில் நேர்முகம். மூன்று பேர். முதுகு வளையவில்லை. ஒருவர் அந்த முதல் வரியைப் படித்துவிட்டு, கடிதங்களை எப்படிப் பிரிப்பீர்கள் என்று கேட்டார். எழுத்து அழகு வாரியாக என்றேன். சிரித்தார்கள். பிறகு நடுவில் இருந்தவர் ஒன்பதாம் கேள்வியில் விரலை வைத்தார். “இது எப்போது வரும்?” தெரியாது என்றேன். விரலை எடுக்கவில்லை.

உங்களுக்கு விசாரணைத் தேதி வந்ததா?

அஞ்சலை


மூணுகல் தோட்டம்,
16-7-61

அன்பு மகள் அஞ்சலைக்கு,

சுகம். நேற்று முன்தினம் ஹட்டனுக்குப் போய் வந்தேன்.

இந்தத் தரம் வேறு ஐயா, வயதானவர். பக்கத்தில் தமிழை மாற்றிச் சொல்ல ஒரு பையன். பேர், வயது, செக்ரோல், அப்பா அம்மாவைப் புதைத்த இடம் எல்லாம் கேட்டார்கள். நீ தாளில் எழுதிய வரிசை மாதிரியே வந்ததால் பயம் போய்விட்டது. எழுந்து கும்பிடப் போகும்போது, அந்த வயதானவர் பேனாவை மூடிக்கொண்டே தமிழில், அவருக்குத் தெரிந்த தமிழில், “ஒங்க ஊர் எது?” என்றார்.

வாய் திறந்தது. ‘கொட்டார’ வரைக்கும் வந்துவிட்டது மகளே. மென்று விழுங்கினேன். லெட்சுமி வெளியே போ என்று சொன்ன மாதிரி காதில் கேட்டது. அப்புறம் சொன்னேன்:

“ஐயா, நான் தப்பால்காரன். எனக்குத் தெரிஞ்சு ஒரு ஆளு பேருக்குக் கீழ உறையில என்ன எழுதியிருக்கோ அதுதான் அந்த ஆளோட ஊரு. அங்க கொண்டுபோய்க் குடுத்தா ஆளு இருக்கும். எம்பேருக்குக் கீழ பொறந்ததுலருந்து மூணுகல் தோட்டம், பொகவந்தலாவைனுதான் வருது. நீங்க அனுப்பின கடுதாசியும் அப்படித்தான் வந்துச்சு. நானேதான் அத எனக்குக் கொண்டுபோய்க் குடுத்தேன்.”

பையன் அதைச் சிங்களத்தில் சொல்லச் சொல்ல அந்த ஐயா பேனாவை மறுபடி திறந்தார். “கொட்டாரப்பட்டி என்று முன்னே சொல்லியிருக்கிறாய். அங்கே உன் பேருக்குக் கடிதம் போட்டால்?” என்று கேட்டார்.

“திரும்பி வந்துருங்க ஐயா. அங்க எம்பேரு தெரிஞ்ச ஆளே இல்ல” என்றேன்.

நிறைய எழுதினார். முடிவை அறிவிப்போம் என்றார்கள்.

அப்பா


பேராதனை,
2-8-61

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் கடிதத்தை நஸார் சேருக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டாம் தரமும் கேட்டார். இனி அந்த அறைக்கு வரும் தோட்டப் பிள்ளைகளுக்கு முதலில் இந்தக் கேள்வியைத்தான் கேட்கப் போகிறாராம்.

நூலகத்திலிருந்து பதில் வந்தது. இடம் வேறொருவருக்குப் போய்விட்டது. காரணம் எழுதவில்லை. அன்று மாலை ஆற்றோரம் கொஞ்ச தூரம் நடந்தேன். அழவில்லை என்று எழுதினால் நம்பமாட்டீர்கள், ஆகவே எழுதவில்லை. கண்டியில் இன்னொரு நூலகத்துக்கு ஒக்டோபரில் எடுக்கிறார்கள். அதே பன்னிரண்டு கேள்விகள். பதினொன்றுக்கு என்னிடம் பதில் இருக்கிறது.

இந்த மாதக் கடைசியில் வேலை முடிகிறது.

அஞ்சலை


மூணுகல் தோட்டம்,
27-8-61

அன்பு மகள் அஞ்சலைக்கு,

எல்லோரும் சுகம். கொழும்பு இடம் போனது என்னால்தான். அதை எழுத இன்றைக்குக் கை வந்தது.

நேற்றுக் காலை தப்பாலில் நீள உறை ஒன்று. போஸ்ட் மாஸ்டர் பைக்குள் போடாமல் என் கையில் கொடுத்தார். “இத மட்டும் பையில வைக்காத” என்றார். வழி நெடுகச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்து, அம்மா மலையிலிருந்து வரும் வரை பிரிக்காமல் காத்திருந்தோம், நானும் லெட்சுமியும்.

ஒன்பதாம் கேள்விக்கு எழுதிக்கொள்: ஜே 40716. என் பேர், அம்மா பேர், அதற்குக் கீழே உன் பேர். மூன்று பேருக்கும் கீழே ஒரே விலாசம். லெட்சுமி இரண்டு தரம் சரி பார்த்தாள்.

முழங்காலுக்குத் தேய்க்கும் கூட்டு எண்ணெய் தீர்ந்துவிட்டது, கண்டியில் வாங்கி வரச் சொல்கிறாள் அம்மா. ஹட்டனுக்கு வரும் ரயிலை எழுது, நான் ஸ்டேஷனுக்கு வருகிறேன்.

எப்போது ஊருக்கு வருகிறாய்?

அப்பா